களிமண் சொன்ன கணக்கு

வழக்கமாகப் பள்ளிக்கூட நினைவுகளை எழுதும் நான் இன்று புல்லட் இன்ஜின் பற்றி எழுதப் போகிறேன். இதுவும் பள்ளிக்கூடக் கதைதான், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

என்னுடையது திருவொற்றியூரில் தயாரான பழைய 350 புல்லட். ஜவ்வாது மலையில் வேலை பார்த்த நாட்களில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கும். அந்தக் குறையைத் தீர்க்க என் மகன் போன வருடம் அதை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் விட்டான். ஹெட்டில் பெரிய வால்வுகள் போட்டு, ஹெட்டின் அடிமுகத்தைச் சீவி, கேமையும் மாற்றிக் கொடுத்தார்கள். பிஸ்டனை மட்டும் தொடவில்லை.

தீபத்துக்கு முந்தின வாரம் செங்கம் சாலையில் கொஞ்சம் முறுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் தடையே இல்லாமல் இறங்கியது.

அவலூர்ப்பேட்டை சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். இப்போது ஐம்பதை நெருங்குகிறான். ஹெட்டைக் கழற்றிக் காட்டினான். இன்லெட் வால்வு வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் பிறை போல ஒரு தழும்பு.

"பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வு மூடித்தானேடா இருக்கும்? எப்படி இடிக்கும்?" என்றேன்.

"கம்ப்ரஷன்ல மூடியிருக்கும் சார். புகை வெளிய போற ஸ்ட்ரோக் முடியறப்ப பாருங்க" என்றவன், பக்கத்தில் நின்ற இன்னொரு புல்லட்டின் ராக்கர் மூடிகளைத் திறந்து, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினான். பிஸ்டன் உச்சியில் இருக்கிறது. எக்ஸாஸ்ட் இன்னும் முழுசாக மூடவில்லை, இன்லெட் அதற்குள் திறக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் கொஞ்சம் திறந்திருந்தன!

எனக்குச் சுருக்கென்றது. கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு, உறிஞ்சல், அமுக்கம், வெடிப்பு, வெளியேற்றம் என்று எத்தனை வருடம் படம் வரைந்திருப்பேன். "ஒரு கதவு மூடின பிறகுதான் இன்னொரு கதவு திறக்குமா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். "படத்துல இருக்கறத மட்டும் எழுது" என்று உட்கார வைத்தேன். அந்தப் பையன்தான் இப்போது கிரீஸ் கையோடு எதிரே நின்றான்.

"புதுப் பிஸ்டன்ல பள்ளம் வெட்டணும் சார். எவ்ளோ ஆழம்னு களிமண்தான் சொல்லும். உங்ககிட்ட இருக்குமா?"

பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதுப் பிஸ்டனின் தலையில் அதை அப்பி, ஒட்டாமலிருக்க மேலே ஆயில் தடவி, ஹெட்டை கேஸ்கெட்டோடு முறையாக முடுக்கினான். கிராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வுச் சுற்று முடியும். அதைக் கையாலேயே நிதானமாகச் சுற்றி, மறுபடி கழற்றினான். களிமண்ணில் இரண்டு வால்வுகளின் அச்சும் விழுந்திருந்தது. பிளேடால் குறுக்கே அறுத்து, மிக மெலிந்த இடத்தை வெர்னியரில் அளந்தோம். இன்லெட் பக்கம் 0.7 மில்லிமீட்டர்.

"இடிக்கலையேடா?" என்றேன்.

"கையால சுத்தறப்ப இடிக்காது சார்."

உண்மைதான். 4800 சுற்று வேகத்தில் ஒரு வால்வு நொடிக்கு 40 தடவை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் கொஞ்சம் தடுமாறினாலும் போச்சு. இன்லெட்டுக்கு 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 2.5 இடைவெளி வைப்பது அவன் வழக்கம். எக்ஸாஸ்டுக்கு ஏன் கூடுதல்? இன்லெட் வால்வு இறங்கும் பிஸ்டனின் பின்னால் போகிறது. எக்ஸாஸ்ட் வால்வையோ பிஸ்டன் துரத்திக்கொண்டு மேலே வருகிறது. மூட ஒரு கணம் தாமதித்தால் மோதல்தான்.

பிறகு பழைய வால்வு ஒன்றின் விளிம்பைக் கூராக்கி, கைடு வழியாக விட்டுத் திருகி, பள்ளத்தின் இடத்தைப் பிஸ்டனில் குறித்தான். பிஸ்டன் தலையின் கனத்தை அளந்து பார்த்த பிறகே வெட்டக் கொடுத்தான். மெலிந்துவிட்டால் சூட்டில் ஓட்டை விழும். வால்வை விடப் பள்ளம் சற்று அகலமாக இருக்க வேண்டும். வெட்டி வந்ததும் கூரான விளிம்புகளை எமரித் தாளால் மழுக்கினான். கூர்முனை சூடேறிச் சிவந்தால் பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொள்ளுமாம். மறுபடி களிமண், மறுபடி அளவு: 2.1, 2.6.

சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்து வண்டிக்கு வேகம் ஏற்றும் ஆசை நம்மிடம் இருக்கிறது. தப்பில்லை. பெரிய வால்வு போடும் பிள்ளைகள், பிஸ்டன் உச்சியில் என்ன நடக்கிறது என்று அளந்து பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஓடும்போது வால்வு உடைந்து இன்ஜின் இறுகினால் உயிருக்கே ஆபத்து.

கிளம்பும்போது அந்தப் பழைய கேள்வியை நினைவுபடுத்தி, "நான்தான் தப்பா உட்கார வெச்சிட்டேன்டா" என்றேன்.

"விடுங்க சார், அதனாலதான் பிரிச்சே பாத்துடலாம்னு இந்தத் தொழிலுக்கு வந்தேன்" என்று சிரித்தான். நிஜமா, என் மனசு நோகக் கூடாதென்று சொன்னானா, தெரியவில்லை.

வண்டி இப்போது மலை ஏறுகிறது. களிமண்ணைப் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் செய்த யானை ஆயில் நாறுகிறதாம்.