புதுவையின் தொட்டிக் கொடிகள்

புதுச்சேரியின் கடற்கரையை ஒட்டிய வீதிகளில் உலவ வரும் வெளியூர்க்காரர், மஞ்சள் பூசிய மதிலின்மேல் காகிதப்பூக் கொடி சரிந்து தொங்கும் காட்சியைப் படம் பிடித்துக்கொள்ளாமல் ஊர் திரும்புவதில்லை; ஆனால் அந்தக் கொடி எங்கே வேர்விட்டிருக்கிறது, யார் அதற்குத் தண்ணீர் விடுகிறார்கள், யார் அதன் முள்ளுக்குக் கையைக் கொடுத்துக் கவாத்துச் செய்கிறார்கள் என்று விசாரிப்பவரை நான் அதிகம் கண்டதில்லை. துய்மா வீதியிலும் சுய்ப்ரேன் வீதியிலும் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளின் சுவர் நேரே வீதியின் விளிம்பிலிருந்தே எழும்புகிறது. முன்புறத் தோட்டம் என்பது அங்கே பெரும்பாலும் கிடையாது. மரமும் கிணறும் இருந்தால் அவை உள்முற்றத்தோடு சரி. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதி முதலான தமிழர் வீதிகளில் திண்ணையும் தாழ்வாரமும் வீதிவரை வந்துவிடுகின்றன. ஆகையால் இவ்வூரில் கொடி வளர்க்க ஆசைப்படுபவருக்குக் கிடைக்கும் பூமி, நடைபாதையில் ஒரு கல்லைப் பெயர்த்து உண்டாக்கிய குழியாகவோ, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் உட்புறத்தே வைத்த ஒரு தொட்டியாகவோதான் இருக்கிறது.

இந்தத் தொட்டிக் கொடிகளை உற்பத்தி செய்பவர்களையும் பராமரிப்பவர்களையும் அவரவர் தொழில் செய்யும் இடத்திலேயே கண்டு பேச வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக உண்டு. முதலில் நான் சென்றது கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில், ஊருக்கு வடக்கே இருக்கும் ஒரு நாற்றுப் பண்ணைக்கு. நகரத்துக்கு வடமேற்கே குயிலாப்பாளையம் பக்கத்து மேட்டுநிலம் முழுவதும் செம்மண்ணாக இருப்பதால், தொட்டிக்கு வேண்டிய மண் இத்தொழிலாளருக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே அமைந்துவிட்டது. பண்ணையின் நடுவே, பச்சை நிழல்வலைப் பந்தலின் கீழ், செம்மண், மணல், மக்கின எரு மூன்றையும் மண்வெட்டியால் புரட்டிக் கலந்துகொண்டிருந்த நான்கைந்து பெண்கள், என்னைக் கண்டதும் விற்பனைக்கான செடி வேண்டுமாக்கும் என்று எண்ணி எழுந்து நின்றார்கள். வேலையைப் பார்க்கத்தான் வந்தேன் என்று தெரிந்ததும், வியப்பும் சிரிப்புமாக மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

அவர்களுள் மூத்த அம்மாள், காகிதப்பூவின் முற்றிய கிளையிலிருந்து எழுதுகோல் கனத்தில் ஒரு சாண் அளவுக்குக் குச்சிகளை நறுக்கி, அடிப்புறத்தைச் சாய்வாகச் சீவி, இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி நட்டுக்கொண்டிருந்தார். விரல்களில் பழந்துணி சுற்றியிருந்தது. கையுறை போட்டுக்கொள்ளலாகாதா என்று கேட்டேன். "கையுறை போட்டா கணு தெரியாதுங்க. தடவிப் பார்த்துத்தானே நடணும்" என்றார். குச்சி வைத்தால் எளிதில் வேர்விடாத இரகங்களும் உண்டு; அவற்றுக்குத் தாய்க்கொடியின் கிளையிலேயே பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்துக் கட்டி, விண்பதியம் போடுகிறார்கள். ஒரே செடியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் மேரி பாமர் என்ற இரகத்துக்கு இங்கே கிராக்கி அதிகம்; அது கல்கத்தாவிலுள்ள தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில், 1940களின் இறுதியில், வேறோர் இரகத்தின் கிளையில் தற்செயலாகத் தோன்றிய மாறுதல் என்பதைச் சொன்னபோது, அந்த அம்மாள், கிளை தானாக நிறம் மாறுவதைத் தாமும் பார்த்திருப்பதாகவும், அப்படி மாறியதைத் தனியே நறுக்கி வைக்க முதலாளி விடுவதில்லை என்றும் சொன்னார்.

காகிதப்பூவுக்கும் பிரெஞ்சு தேசத்துக்கும் உள்ள சம்பந்தம் இங்கே சிறிது சொல்லத்தக்கது. லூயி அந்துவான் தெ பூகன்வில் என்ற கடலோடி உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கப்பல்களில் ஒன்றில் பயணம் செய்த பிலிபேர் கோமெர்சோன் என்ற தாவர சாஸ்திரி, 1767இல் பிரேசில் நாட்டின் ரியோ துறைமுகத்தில் இக்கொடியைக் கண்டு, தம் தலைவரின் பெயரையே அதற்குச் சூட்டினார். கோமெர்சோனுக்கு உதவியாளாக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே என்ற பெண்மணியே, உலகைச் சுற்றிவந்ததாக அறியப்பட்ட முதற்பெண். கால் நோயால் கோமெர்சோன் அவதிப்பட்ட அந்நாளில், கொடியை முதலில் பறித்தவர் பாரேயாகவே இருக்கக்கூடும் என்று எழுதுவோரும் உண்டு. பறித்த கைக்குப் பெயரில்லாமல், கப்பல் தலைவருக்குப் பெயர் கிடைத்த அந்த நியாயம் இன்றைய பண்ணைவரை தொடர்ந்து வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. புதுச்சேரியின் தாவரவியல் தோட்டம் 1826இல் பிரெஞ்சுக்காரரால் உண்டாக்கப்பட்டது; தேசாந்தரங்களெல்லாம் சுற்றிச் செடி சேகரித்த பெரோத்தே என்ற தாவர சாஸ்திரி 1870இல் இவ்வூரிலேயே காலமானார். அந்தத் தோட்டத்தின் வரலாற்றிலும் அதிகாரிகளின் பெயர்கள் கிடைக்கின்றன. தோட்டக்காரர்களின் பெயர்களை நான் எங்கும் கண்டதில்லை.

அரவிந்தர் ஆசிரமத்து அன்னை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் கூறியபோது காகிதப்பூவுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டதனால், வாசலில் வைப்பதற்கென்றே அதைக் கேட்டு வாங்குவோர் இன்றும் பண்ணைக்கு வருகிறார்கள்.

பண்ணையில் நான் கற்றவற்றுள் விசேஷமானது தண்ணீர் விடாமல் இருக்கும் வித்தை. காகிதப்பூவில் நாம் பூ என்று கருதும் வண்ண இதழ்கள் உண்மையில் இலையின் திரிபுகளே. நடுவில் இருக்கும் சிறிய வெண்குழல்தான் பூ. நல்ல ஈரமும் கொழுத்த எருவும் கிடைத்தால் இக்கொடி இலையாகவே தழைக்கும். வேர் நெருக்குண்டு, மண் வறண்டு, இலை சற்றே தொய்யும் நிலைக்குக் கொண்டுபோய், பிறகு நீர் வார்த்தால் நுனியெங்கும் நிறம் ஏறும். தரையில் நட்ட கொடியை அவ்வாறு வாட்டுவது கடினம். தொட்டியிலோ வறட்சியையும் ஈரத்தையும் நாள் கணக்கில் அளந்து கொடுக்கலாம். ஆகவே தொட்டி என்பது இக்கொடிக்கு ஒரு குறையன்று, அநுகூலம் என்றே சொல்ல வேண்டும். பண்ணையின் மேஸ்திரி என்னிடம் சொன்னது இது: "அது வாடுற வரைக்கும் விட்டுட்டுத்தான் சார் ஊத்தணும். ஊருக்காரங்க காலையும் சாயங்காலமும் ஊத்திட்டு, பூக்கலேன்னு திருப்பிக் கொண்டாந்து வைக்கிறாங்க." இதே மனிதர், சங்குப்பூக் கொடிக்கு ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் பெண்களிடம் கடிந்துகொள்கிறவர். கொடியின் குணத்துக்குத் தக்கபடி கையை மாற்றிக்கொள்ளும் இந்த விவேகம் புத்தகத்தால் வருவதன்று.

கொடியைக் கட்டும் முறையும் அப்படியே. நேராக மேலே ஏறவிட்டால் கிளையின் நுனிமொட்டு மற்ற மொட்டுகளை அடக்கி வைத்து, உச்சியில் மட்டும் பூக்கும். மூங்கில் பிளாச்சை வளைத்துத் தொட்டிக்குள் ஊன்றி, கொடியை அதன்மேல் படுக்கைவசமாகச் சுற்றிக் கட்டினால், உறங்கிக் கிடந்த கணுமொட்டுகளெல்லாம் விழித்துக்கொண்டு கிளைத்துப் பூக்கின்றன. பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுத்துவிடுகிறதென்று நனைத்த வாழைநாரால் கட்டுகிறார்கள். சங்குப்பூ தானே சுற்றிக்கொள்ளும். காகிதப்பூ முள்ளை மாட்டிக்கொண்டு சாயும். அதைக் கட்டாவிட்டால் அது கொடியாகாமல் புதராகிவிடும். இரங்கூன் மல்லிக்கு மட்டும் பெரிய தொட்டி வேண்டுமென்பது இவர்கள் தீர்மானமான அபிப்பிராயம். அந்தியில் வெள்ளையாக மலர்ந்து, மறுநாள் ரோஜா நிறமாகி, அதற்கும் அடுத்த நாள் செக்கச்சிவந்து போகும் அந்தப் பூங்கொத்தின் அழகை நம்பி, சின்னத் தொட்டியில் வாங்கிச் செல்பவர் ஓராண்டுக்குள் தொட்டியை வேர் பிளந்துவிட்டதென்று முறையிட வருவாராம்.

தொட்டி பிறக்கும் இடத்தையும் பார்க்காமல் இவ்விஷயம் பூர்த்தியாகாது. வில்லியனூரின் சுடுமண் வேலை புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் அந்தக் கௌரவம் பெரும்பாலும் குதிரைகளுக்கும் பொம்மைகளுக்கும் போய்ச் சேர்கிறதே தவிர, பூந்தொட்டிக்கு வருவதில்லை. நான் கண்ட குயவர், களிமண்ணோடு மணலைச் சற்று அதிகமாகவே சேர்த்துக் காலால் மிதித்தார். பானைக்கு அப்படிச் சேர்ப்பதில்லையாம். தொட்டியின் சுவரில் நுண்துளைகள் இருக்க வேண்டும். அவற்றின் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால்தான் வெயில் கொளுத்தும் மாடியிலும் வேர் குளிர்ச்சியாக இருக்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் அந்தச் சௌகரியம் இல்லை. விளிம்பை உருட்டித் தடிப்பாக்குவது தூக்குவோர் கைக்காக. அடியில் துளை இடுவது பச்சைமண் பாதி காய்ந்தபோது. அந்தத் துளையின்மேல் உடைந்த ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்துவிட்டால் மண் ஒழுகாமல் நீர் மட்டும் வடியும். புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய மட்கலங்கள் குவியலாகக் கிடைத்தன. இந்தப் பிரதேசத்துக் குயத்தொழிலின் நெடிய மரபை நினைத்தால், இன்று சிமெண்டுத் தொட்டிக்கும் பிளாஸ்டிக்குக்கும் சந்தையை விட்டுக்கொடுத்து நிற்கும் இவரது நிலை வருத்தம் தருகிறது. ஐப்பசி முதல் மார்கழிவரை தொட்டி காயாது, சூளையும் எரியாது. அந்த மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "கடன் வாங்குவோம் ஐயா" என்று கூசாமல் பதில் சொன்னார்.

வீடு வீடாகச் சென்று தொட்டிகளைப் பராமரிக்கும் தோட்டக்காரர் ஒருவரோடு மாடிமாடியாக ஏறி இறங்கியபோதுதான் இந்தத் தொழிலின் உண்மையான பாரம் எனக்கு விளங்கிற்று. கடற்காற்றின் உப்பும் கிணற்று நீரின் உப்பும் சேர்ந்து மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்காகப் படிகின்றன. அவ்வப்போது துளைவழியே வெள்ளமாக வடியும்வரை நீர் விட்டு, மண்ணிலுள்ள உப்பைக் கழுவித் தள்ளுகிறார். அல்லமண்டாக் கொடியை வெட்டினால் வடியும் பால் தோலைப் பதம்பார்க்கிறது. மல்லிகை வகைகளின் கவாத்துக்கு அவர் வைத்திருக்கும் கணக்கு, தோட்டக்கலை நூல்களும் ஒப்புக்கொள்வதே: குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒன்றாக வெட்டிவிடு என்று கட்டளையிடும் வீட்டுக்காரர்களிடம் அவர் தலையை ஆட்டிவிட்டுத் தம் முறைப்படியே செய்துவிடுகிறார். ஒரு வீட்டம்மாள், பூ இருக்கும்போது வெட்டாதே என்று மாசக்கணக்கில் தடுத்துவைத்த காகிதப்பூ, நீண்டு மெலிந்து, அடியில் இலையே இல்லாமல் நின்றது; பூ முடிந்ததும் வெட்டினால் வரும் புதுத்தளிரில்தான் அடுத்த பூ என்பதை அவர் எத்தனை முறை சொல்லியும் அந்த அம்மாள் நம்பவில்லை. "அவங்களுக்குக் கத்தரிக்கோலைக் கண்டாலே ஆகாது தம்பி" என்றார் என்னைப் பார்த்து, பொறுமையாக.

புயல் எச்சரிக்கை வந்தால் இவருடைய வேலை இரட்டிப்பாகிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் இவ்வூருக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது மரங்கள் வேரோடு சாய்ந்ததைக் கண்டவர் அவர். அதுமுதல், எச்சரிக்கை கேட்டவுடன் மாடிகளில் உள்ள தொட்டிகளையெல்லாம் கைப்பிடிச் சுவரோரம் படுக்கவைத்து, கொடியைச் சாக்கால் சுற்றிவிடுகிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. காற்றுக்குப் பிழைத்தவை தண்ணீருக்குச் செத்தன என்பது அவர் கணக்கு. துளை அடைபட்ட தொட்டிகளில் நின்ற நீர் இரண்டு மூன்று நாளில் வேரை அழுக வைத்துவிட்டதாம். ஆனால் அந்த மழைக்காலம் முழுவதும் பல வீடுகளில் அவருக்குச் சம்பளம் இல்லை. வானமே தண்ணீர் விடுகிறபோது தோட்டக்காரன் எதற்கு என்று, ஐப்பசியில் நிறுத்திவிட்டுத் தை பிறந்ததும் கூப்பிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கம் பிசகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துளையைக் குத்தி நீர் வடிப்பது, குச்சி நடுவது, மல்லிகைக்குக் கவாத்து, வேர் நெருங்கிய செடிக்குத் தொட்டி மாற்றுவது ஆகிய எல்லாமே கண்ணுக்குப் பூ தெரியாத அந்த ஈரமாதங்களில்தான் நடந்தாக வேண்டும். கோடையில் மதிலை மறைக்கும் பூ அவற்றின் பயன். ஆகவே தொட்டியில் கொடி வைத்திருக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது சிலவே: பூத்துக் குலுங்கும் செடியைப் பார்த்து மயங்காமல், அடித்தண்டு முற்றிய செடியாகக் கேட்டு வாங்குங்கள், வில்லியனூர் மண்தொட்டி கிடைக்கும்போது பிளாஸ்டிக்கை நாடாதீர்கள், உங்கள் தோட்டக்காரருக்குக் கார்த்திகை மாதத்துக் கூலியையும் கொடுத்துவிடுங்கள்.