விசாகப்பட்டினத்தில் ஏழு நாள்

முதலாம் குலோத்துங்கன் காலத்தில் குலோத்துங்க சோழப் பட்டினம் என்று பெயர் பெற்றிருந்த விசாகப்பட்டினத்துக்கு, வரும் சனவரியில் ஒரு வாரம் செல்லவிருக்கிறோம். திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் அம்மாவின் முழங்கால்களே தீர்மானித்தன. எண்பதைத் தொடும் அவரால் இனியொரு முறை இத்தனை தொலைவு வர இயலுமா என்பது ஐயமே.

எனவே ஊர்விட்டு ஊர் தங்குவதை விலக்கினோம். கடற்கரைச் சாலையில் ஒரே அறை, இரண்டு நாள் மட்டும் காரில் நெடுவழி, மற்றவை ஓய்வுக்கு.

வடக்கே பீமுனிப்பட்டினம் செல்லும் சாலை கடலை ஒட்டியது. போகும்போது கடல் வலப்புறம், ஓட்டுநர் பக்கம், திரும்புகையில் இடப்புறம். ஆகவே தொட்லகொண்டாவின் பௌத்த மடாலயச் சிதைவுகளையும் பீமுனிப்பட்டினத்து டச்சுக் கல்லறைகளையும் முதலில் பார்த்துவிட்டு, வெயில் தணிந்தபின் நிதானமாகத் திரும்புவோம். முன்னிருக்கை அம்மாவுக்கு.

அரக்குப் பள்ளத்தாக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். வழியில் போரா குகைகள். இறங்கப் படிகள் மிகுதி. “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் வண்டியிலேயே இருக்கேன்” என்கிறார். அதற்கு நாங்கள் இசையவில்லை. ஒருவர் இறங்கினால் மற்றவர் அவருடன் இருப்பார்.

ஏழாம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. அன்று எங்கே செல்வதென்பதை அவரே சொல்லட்டும்.