பள்ளத்துத் தோட்டம்

திருவனந்தபுரத்துத் தம்பானூரில் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் போதும், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடுவே உள்ள சாலை வாய்க்காலாகிவிடும். சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம். 1931இல் ரயில் வந்து நின்றது இந்தப் பள்ளத்தில்தான். நகரத்து மழைநீரைச் சுமக்கும் ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடை தண்டவாளங்களுக்கு அடியிலேயே ஓடுகிறது. சற்றுத் தள்ளியிருக்கும் புத்தரிக்கண்டம் மைதானம் ஒருகாலத்தில் நெல்வயல். 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று ஓடைகளைத் தூர்வாரிப் பார்த்தார்கள். வெள்ளம் முழுதாக ஒழியவில்லை.

இந்த மண்ணில் வீடு வைத்துக்கொண்டு குண்டுமல்லிக்கும் ரோஜாவுக்கும் ஆசைப்படுவது வீண் பிடிவாதம். ஈரம் வடியாத இடத்தில் அவற்றின் வேர் அழுகும். மல்லியும் பிச்சியும்தான் தோவாளைப் பூச்சந்தையிலிருந்து நகரத்தின் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து இறங்குகின்றனவே!

பள்ளத்துக்கு ஏற்ற பூ கல்வாழை. ரயில் நிலையத்துப் பூ என்று சிலர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். ஆனால் பாத்திரம் கழுவிய நீர் போகும் இடத்தில்கூட அது செழிக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செயற்கைச் சதுப்புகளில் அதை நடுவதும் அதனால்தான்.

மணம் வேண்டுமென்றால் கல்யாண சௌகந்திகம். திரௌபதிக்காகப் பீமன் தேடிப்போன பூவின் பெயரை மலையாளிகள் இந்த வெள்ளை இஞ்சிப் பூவுக்கு வைத்திருக்கிறார்கள். மலையாளக் கவி குஞ்சன் நம்பியார் துள்ளல் பாட்டாகப் பாடியது அந்தக் கதையைத்தான். இமயமலைப் பக்கத்துச் செடி, இன்று கியூபாவின் தேசிய மலர். மாலையில் விரிந்தால் முற்றமெல்லாம் மணக்கும். கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில், காலை வெயில் படுமிடத்தில் நட்டால் போதும். பூத்து ஓய்ந்த தண்டு மறுபடி பூக்காது. அடியோடு வெட்டிவிட வேண்டும். புதர் நெருங்கிவிட்டால் கிழங்கைப் பிரித்து நடலாம்.

நிழலான மூலைக்கு ஹெலிகோனியாவும் டார்ச் இஞ்சியும் பொருந்தும். பின்னதன் மொட்டைப் பினாங்கில் லக்சாவில் போடுகிறார்கள். இங்கே பார்த்து ரசிப்பதோடு சரி.

ஒரு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈரம் வேறு, தேக்கம் வேறு. கல்வாழையும் வெள்ளை ஸ்பைடர் லில்லியும் கணுக்கால் நீரில் நின்றாலும் தாங்கும். இஞ்சி வகைகளுக்கு நாள்கணக்கில் நீர் நின்றால் கிழங்கு அழுகக்கூடும். ஆகவே அவற்றுக்கு அரை அடி உயரப் பாத்தி வேண்டும். துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்து ஜனவரி முதல் மார்ச் வரை மண் காயும்போது, தென்னை மட்டையோ சருகோ மூடி, தண்ணீரும் ஊற்ற வேண்டும்.

நடுவதற்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் வேளைதான் சரி. கிழங்குக்குக் காசு செலவழிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள், பெருகியதைக் குறைக்க அவர்களே வழி தேடிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கும் ஒருநாள் மிஞ்சும். அதை ஓடையில் மட்டும் எறியாதீர்கள்: ஹவாயில் காடு புகுந்து களையாகிப்போன செடி அந்தச் சௌகந்திகம்.