இழுவையில் இருக்கிறது பிடி

திருச்சியில் அரியமங்கலம் தாண்டி தஞ்சாவூர் சாலையில் இருக்கிறது அந்த குடோன். அட்டைப்பெட்டிகள் மரப் பேலட்டில் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டு, கண்ணாடித்தாள் மாதிரி ஒரு ஃபிலிம் சுற்றப்பட்டு, சென்னைக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் லாரி ஏறுகின்றன. அந்த ஃபிலிமுக்குக் கடையில் ஸ்ட்ரெச் ஃபிலிம் என்று பெயர். குடோனில் வெறும் ரோல். "ரோல் எடு", "ரோல் தீந்துபோச்சு" என்றுதான் நாள் முழுக்கக் கேட்கிறது.

சுற்றுகிறவர் திருவானைக்கோவில்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பு காந்தி மார்க்கெட்டில் வாழை இலைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாராம். ஃபிலிமின் முனையைப் பேலட்டின் மூலைக் கட்டையில் செருகி முடிச்சுப் போடுகிறார். குனிந்தபடியே பின்னால் நடக்கிறார். அடியில் மட்டும் மூன்று சுற்று. மரமும் முதல் வரிசைப் பெட்டியும் ஒரே பிடியில் வர வேண்டும். "அடியை விட்டுட்டு மேல எத்தனை சுத்து சுத்துனாலும் வேஸ்ட்டு தம்பி. டிரைவர் பிரேக் போட்டா பேலட்டு நிக்கும், பெட்டி போயிரும்" என்கிறார். அதன் பிறகுதான் மேலே ஏறுகிறார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடுகிறது. உச்சியில் ஒரு சாண் பெட்டிக்கு மேலே தூக்கி மடக்குகிறார். முடிவில் வெடுக்கென்று ஓர் இழுப்பில் அறுத்து, முனையை உள்ளங்கையால் தேய்த்தால் தானே ஒட்டிக்கொள்கிறது. பசை கிடையாது, டேப் கிடையாது. ஃபிலிமின் ஒரு பக்கத்தில் மட்டும் அந்த ஒட்டும் குணத்தைச் சேர்த்துச் செய்கிறார்கள். அந்தப் பக்கம் உள்ளே பார்க்கச் சுற்றினால் அடுத்த பேலட்டோடு ஒட்டாது.

நான் கவனித்துக்கொண்டிருந்தது மூலைகளை. ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் அவர் கை லேசாகப் பின்வாங்கி, ஃபிலிமை இறுக்கி, பிறகுதான் விடுகிறது. ரோலின் அட்டைக் குழாய்க்குள் இரண்டு பக்கமும் பிவிசி பைப் துண்டு செருகி வைத்திருக்கிறார். இல்லாவிட்டால் குழாய் சுழலும் வேகத்தில் விரல் தோல் உரிந்துவிடும். தலை சுற்றாதா என்று கேட்டேன். "புதுசுல சுத்தும். பெட்டியைப் பாக்காத, கால் வைக்கிற எடத்தைப் பாரு."

அவர் கை செய்வதன் கணக்கு எளிது. இந்த ஃபிலிம் எல்.எல்.டி.பி.இ. என்ற பாலிஎத்திலீன் வகை. இழுத்தால் நீளும்; விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்பும் ஆசைதான் பெட்டிகளைப் பிடித்து நிறுத்துகிறது. தடித்த ஃபிலிமைத் தொளதொளவென்று சுற்றுவதைவிட மெல்லியதை நன்றாக இழுத்துச் சுற்றுவது மேல். மிஞ்சி இழுத்தால் பெட்டியின் மூலை நசுங்கும், ஃபிலிமும் கிழியும்.

வாங்குகிறவர்களோ தடிமனை மட்டுமே கேட்கிறார்கள். பெரிய கடை வீதிப் பக்கம் பேக்கிங் சாமான் கடையொன்றில் நின்று பார்த்தேன். வருகிறவர் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை மைக்ரான், கிலோ என்ன விலை? கைரோலுக்குப் பெரும்பாலும் 23 மைக்ரான் என்கிறார்கள். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர் என்றால் 23 மைக்ரானைக் கண்ணால் யார் அளப்பது? எடை அளக்கும். இந்தப் பிளாஸ்டிக்கின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.92 கிராம். அரை மீட்டர் அகலமும் 300 மீட்டர் நீளமும் உள்ள 23 மைக்ரான் ரோலில் ஃபிலிம் மட்டும் சுமார் 3 கிலோ 170 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் நீளம் குறைவு, அல்லது தடிமன் குறைவு. பத்து மீட்டரை அறுத்துத் தராசில் வைத்தால் 106 கிராம் காட்ட வேண்டும். அளக்கும்போது இழுக்காமல் உருட்டி விட வேண்டும். இழுத்த ஃபிலிம் எடையில் பொய் சொல்லும்.

இன்னொரு கணக்கு அட்டைக் குழாய். அதன் எடை அரை கிலோவும் இருக்கலாம், ஒரு கிலோவைத் தாண்டவும் செய்யலாம். குழாயோடு சேர்த்து எடை போட்டு கிலோ விலைக்கு வாங்கினால், அட்டைக்குப் பிளாஸ்டிக் விலையும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் கொடுத்ததாகிறது. நெட் எடையை பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், ஆனாலும் எழுதித் தருவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும் நல்லது. குருணை குருணையாகப் புள்ளி தெரிந்தால் அந்த இடத்தில்தான் கிழியும். ரோலின் ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்திருந்தாலும் போச்சு. தரையில் போட்டு உருட்டும் குடோன்களில் பாதி ரோல் இப்படித்தான் வீணாகிறது.

என்னைக் கேட்டால் கிலோ விலையை மறந்துவிட வேண்டும். ஒரு பேலட் சுற்றுவதற்கு முன்னும் பின்னும் ரோலை எடை போட்டால், பேலட்டுக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். அதைப் பணமாக்கி ஒப்பிடுவதுதான் விலை. மெஷினில் இந்தக் கணக்கு இன்னும் மாறுகிறது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உருளைகள் ஃபிலிமை 250 சதவீதம் வரை இழுத்துக் கொடுக்கின்றன. ஒரு மீட்டர் மூன்றரை மீட்டராகிறது. மனிதக் கையால் அதில் பாதிகூட முடியாது. ஆனால் மெஷினுக்கு வேறு ரோல் வேண்டும், நாள் முழுக்கச் சுற்றும் அளவுக்குச் சரக்கும் வேண்டும்.

எல்லாச் சரக்கையும் சுற்றிவிடக் கூடாது. திருவளர்சோலையிலிருந்து கல்லணைச் சாலை நெடுக வாழைத்தோட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். வாழைக்காய் மூச்சு விடும், சூடு விடும், எத்திலீன் வாயு விடும். சுற்றி மூடினால் அந்த வாயுவே உள்ளே தங்கிக் காயைப் பழுக்க வைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த ஃபிலிமைச் செய்வதும் எத்திலீனிலிருந்துதான். அது ஆலையில் கோத்துச் சங்கிலியானது. இது காயிலிருந்து வருவது. 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமே திருச்சியில் இருக்கிறது என்றாலும், காந்தி மார்க்கெட் லோடுமேன்கள் அதற்கு வெகு முன்பே தாருக்குச் சருகு சுற்றி, காற்றுக்கு வழிவிட்டு லாரியில் அடுக்கத் தெரிந்தவர்கள். அட்டைப்பெட்டியில் ஏற்றுமதியாகும் பழத்துக்கும் பேலட்டின் நான்கு மூலையிலும் தாங்கி வைத்துப் பட்டைதான் கட்டுகிறார்கள். பெட்டியின் காற்றோட்டத் துளைகளை மூடக் கூடாது.

குடோனுக்குத் திரும்பினால் மேனேஜர் புதிதாக இரண்டு சாம்பிள் ரோல் வாங்கி வைத்திருந்தார். கிலோவுக்குச் சில ரூபாய் வித்தியாசம். சுற்றுகிற அண்ணன் இரண்டிலும் ஒரு கை நீளம் இழுத்தார். இலைக்கட்டுக்கு நாரை நனைத்து இழுத்துப் பார்த்த கை அது. விலை குறைந்தது சட்டென்று விட்டுப்போனது. மற்றது நீண்டு, அவர் கையைப் பின்னுக்கு இழுத்தது.

"பேலட்டு கணக்குல கூலி வாங்குறவன் நான். கிழியிற ரோலு குடுத்தா முதல்ல நஷ்டம் எனக்கு. ஆனா வாங்கும்போது எங்கள யாரும் கேக்கறதில்ல" என்று என்னிடம் சொன்னார், மேனேஜர் காதில் விழும்படி.

"அடுத்த ஆர்டர் போடறப்ப உங்களைக் கேட்டுட்டே போடறேண்ணே" என்றார் மேனேஜர்.

"போன தடவையும் இதத்தான சொன்னீங்க?"