துல்ஹுலைஃபாவில் ஒரு தாய்

மதீனாவிலிருந்து மக்கா செல்லும் ஹாஜிகளின் பேருந்துகள் ஏறத்தாழ 10 கிலோ மீட்டரில் 'பீர் அலீ'யில் நிற்கும். நபிகளார் (ஸல்) வரையறுத்த துல்ஹுலைஃபா எனும் மீக்காத் இதுவே. மக்காவோ இன்னும் 400 கிலோ மீட்டருக்கு அப்பால்!

எல்லோரும் இஹ்ராம் பூணுகையில், மாதவிலக்குற்ற தாய்மார் சிலர் கேட்கவும் கூசிப் பேருந்திலேயே கலங்கி அமர்ந்துவிடுகின்றனர். ஹிஜ்ரி 10இல் இதே இடத்தில்தான் அபூபக்ர் (ரலி) அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) ஆண்மகவை ஈன்றார்கள். "யான் என் செய்வது?" என ஆளனுப்பிக் கேட்டார்கள், கூசவில்லை. குளித்து, துணி கட்டிக்கொண்டு இஹ்ராம் பூணுமாறு பெருமானார் பணித்தார்கள்.

ஆகவே அந்நிலையிலும் நிய்யத்தும் தல்பியாவும் உண்டு. அரஃபாவில் தங்கலாம், கல்லெறியலாம். ஹஜ் கிரியைகளுள் தவாஃபும் அதனைத் தொடரும் ஸஃயுமே தூய்மையாகும் வரை காத்திருக்கும். இஹ்ராமின்றி மீக்காத்தைக் கடந்தவரோ திரும்பி வரவேண்டும். இல்லையேல் ஓர் ஆடு அறுத்துப் பரிகாரம் செய்யவேண்டும்.