பெரியப்பாவின் சிவப்புக் கித்தார்

பெரியப்பாவின் முதலாண்டுத் திதி முடிந்த வாரம், அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். "பாப்பா, அப்பாவோட கித்தார விக்கப் போறோம். 62ஆம் வருஷத்து ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்னு சொல்லி ஆளும் கெடச்சாச்சு. உள்ள இருக்குறத படம் எடுத்துக் கேக்குறாரு. ஒனக்குத்தான் ஒயர் வேலையெல்லாம் தெரியுமே, வந்து தெறந்து குடு."

பெரியம்மா வீட்டுக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. அந்தக் கித்தாரை நம்பித்தான் கூரை வேலை.

நான் படித்தது ஊடகம். வேலை வானொலி அறிவிப்பாளர். ஆனால் நிலையத்துத் தொழில்நுட்ப அண்ணன்மாரோடு பழகியதில் ஸ்குரூ டிரைவரும் ஈயப் பற்றும் எனக்குப் புதிதல்ல. வீட்டில் சொந்தமாக ஒரு கித்தாரும் உண்டு. சனிக்கிழமை பட்டர்வொர்த்துக்குக் கிளம்பினேன்.

பெரியப்பா அங்குள்ள ஆகாயப்படைத் தளத்தில் கிராணியாக இருந்தவர். 1967இல் ஊர் திரும்பிய ஓர் ஆஸ்திரேலிய வீரரிடம் அந்தக் கித்தாரை வாங்கினார். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வந்து வாசித்த பிறகு, இந்த வட்டாரத்து இளைஞர்களுக்குக் கித்தார்ப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. ஷேடோஸின் ஹாங்க் மார்வின் வைத்திருந்தது சிவப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர். பெரியப்பாவுடையதும் சிவப்பு. "62" என்று விற்றவர் சொன்னதை எங்கள் குடும்பமே ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் பின்பக்கம் பார்த்தேன். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஓர் இரும்புத் தகடு, அதில் 'எல்' எழுத்தோடு தொடங்கும் எண். அண்ணனுக்கு மகிழ்ச்சி. எனக்கு அது போதவில்லை. 'எல்' வரிசை 1962இன் பிற்பகுதியிலிருந்து 1965 வரை வந்தது. தவிர, அந்தத் தகட்டைப் பிடித்திருப்பவை நான்கே ஸ்குரூக்கள். யாரும் மாற்றிவிடலாம்.

கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றினேன். அடிமரத்தில் மங்கிய முத்திரை: '2 ஜூன் 64 பி'. 2 என்பது ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை, பி என்பது கழுத்தின் அகலம். நடுவில் இருப்பது கழுத்தின் பிறந்த மாதம்.

அடுத்து, முன்பக்க பிளாஸ்டிக் தகட்டின் 11 ஸ்குரூக்கள். எங்கள் ஒலிபரப்பு மேசையில் இருப்பதுபோலவே, கித்தாரின் ஒவ்வொரு குமிழுக்கு அடியிலும் ஒரு வட்ட உலோக டப்பா இருக்கும். அதன் முதுகில் பொறித்த எண்தான் சாட்சி. இரண்டில் '304 6415' என்றிருந்தது. 304 என்றால் ஸ்டாக்போல் நிறுவனம், 64 ஆண்டு, 15 வாரம். 1964 ஏப்ரலில் செய்த பாகத்தோடு 1962இல் கித்தார் வெளிவந்திருக்க முடியாது. வாங்கிவைத்த பாகம் அலமாரியில் கிடந்து பிறகு பயன்பட்டிருக்கலாம். எனவே இந்த எண் காட்டுவது, 'இதற்கு முன்பு இல்லை' என்பதை மட்டும்தான். கழுத்தும் அதே ஆண்டைச் சொன்னதால் சந்தேகம் தீர்ந்தது.

அதோடு நிற்கவில்லை. சிவப்புச் சாயம் தகட்டின் விளிம்போடு நின்றுவிட்டது. தகட்டுக்கு அடியில் மஞ்சளும் பழுப்புமான பழைய நிறம் அப்படியே இருந்தது. தொழிற்சாலையில் அடித்திருந்தால் அடிவரை போயிருக்கும்.

"பட்டறையில கார் பெயிண்ட் அடிச்சாரு," என்றார் பெரியம்மா, தேநீரை வைத்துக்கொண்டே. "அந்த வெள்ளைக்காரன் மாதிரி செவப்பா வேணும்னு."

சாயம் மாற்றிய பழைய கித்தாருக்குச் சந்தையில் ஏறக்குறைய பாதி விலைதான் என்பது பொதுவான கணக்கு. ஒலி கூட்டும் மூன்றாவது டப்பாவும் வேறாக இருந்தது. எண் இல்லை, ஈயம் தடித்துக் கட்டியாக இருந்தது.

பெரியம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது நம்ம ரேடியோவோடது! ஒரு கல்யாணத்துல வாசிக்கணும்னு கழட்டிட்டாரு. ஒரு மாசம் நான் பாட்டே கேக்கல."

அண்ணன் சிரிக்கவில்லை. "பாப்பா, அந்த 'எல்' நம்பர மட்டும் படம் எடுத்து அனுப்புவோமே. மத்ததை அவரு வாங்கினப்புறம் பாத்துக்கட்டும்."

கூடத்தில் வாளியில் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு நிமிடம் அது தப்பாகத் தோன்றவில்லை.

பெரியம்மாதான் சொன்னார்: "அவரு 62னு சொன்னது தெரியாம சொன்னது. நாம தெரிஞ்சே சொன்னா, அது பொய்யி. அவரு பேருல பொய் வேணாம்பா."

எல்லாப் படங்களையும் அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, முதலில் பேசியதில் பாதிக்கும் சற்றுக் குறைவான விலைக்கு அவர் வாங்கிக்கொண்டார். 1965இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்குவதற்கு முந்தையது என்பதால்தான் அவ்வளவாவது கிடைத்தது. கூரையில் சமையலறைப் பக்கம் மட்டும் மாற்றினோம்.

உங்கள் வீட்டிலும் பழைய கித்தார் இருந்தால், மெருகு போடாதீர்கள். பழைய ஈயத்தைக் கலைக்காதீர்கள். கழற்றும் முன் படம் எடுங்கள். வீட்டுப் பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது திறப்பது இன்னும் நல்லது. எண் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

போன வாரம் ஓர் உறை வந்தது. வாங்கியவர் அந்த ரேடியோ டப்பாவை மாற்றிவிட்டு, பழையதைத் திருப்பி அனுப்பியிருந்தார். பெரியம்மா அதைத் துடைத்து, பொத்தான்கள் போட்டுவைக்கும் மைலோ டின்னுக்குள் வைத்திருக்கிறார்.