காய்ச்சல் விட்ட பிறகு

என் மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும்,

கொரோனாவோ ஃப்ளூவோ, வைரஸ் காய்ச்சல் ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி ரத்தத்தை எளிதில் உறையவைக்கலாம். படுத்தே கிடப்பவரின் கெண்டைக்காலில் உறைந்த கட்டி நழுவி, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். (ஓய்வு பெற்றும் பாடம் நடத்தும் பழக்கம் போகவில்லை!)

2021இல் என் தம்பிக்குக் கொரோனா. காய்ச்சல் விட்டு, ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. இடது கால் மட்டும் வீக்கம். "அசதிதான் அண்ணே" என்றான். ஸ்கேனில் பார்த்தால் நுரையீரலில் ரத்தக்கட்டி. ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. பாதியில் நிறுத்தப் பார்த்தவனை அவன் அண்ணிதான் அதட்டி விழுங்கவைத்தாள்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், ஒரு கால் மட்டும் வீக்கம் என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள்.